மாட்டுக் கொட்டகைக்கும் கொப்பரை குடோனுக்கும் ஒரே ஷீட் போடலாமா?

கேள்வி: ஐயா, பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊர். தென்னந்தோப்பும் பத்துப் பன்னிரண்டு கறவை மாடுகளும் இருக்கின்றன. கஜா புயலில் மாட்டுக் கொட்டகை போய்விட்டது. அப்போது கையில் கிடைத்த ஷீட்டை வைத்து, ஒரே பக்கம் சரிவாக 30 அடி நீளத்துக்குப் போட்ட கூரைதான் இன்னும் நிற்கிறது. இப்போது 60 அடிக்கு 24 அடியில் புதுக் கொட்டகையும், ரோட்டோரமாக 40 அடிக்கு 30 அடியில் கொப்பரை குடோனும், அதன் முகப்பில் வியாபாரத்துக்கு ஒரு கடையும் கட்டப் போகிறோம். 0.35 மி.மீ. கனமுள்ள கலர் ஷீட்டே போதும், இரண்டுக்கும் சேர்த்து ஒரே லாட்டாக எடுத்தால் விலை குறையும் என்கிறார் வெல்டர். திருப்பூரில் இருக்கும் என் தம்பியோ, ஸ்க்ரூ வெளியே தெரியும் ஷீட் எப்படியும் ஒழுகும், ஸ்க்ரூ தெரியாத ஷீட்தான் போட வேண்டும் என்கிறான். பழைய கூரையில் ஸ்க்ரூ இருக்கும் இடமெல்லாம் ஒழுகுவது உண்மைதான். யார் சொல்வதைக் கேட்பது? பழைய ஷீட்டை வேறு எதற்காவது பயன்படுத்தலாமா?

— பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்ட வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் தம்பிக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் இரண்டு கட்டடத்துக்கும் ஸ்க்ரூ வெளியே தெரியும் சாதாரண ஷீட்டே போதும். ஸ்க்ரூ தெரியாத ஷீட்டை, பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குப் பைப்) மேல் கிளிப் வைத்து, ஷீட்டின் விளிம்புகளை மெஷினால் மடித்து இணைப்பார்கள். சரிவு மிகக் குறைவாகவும் ஷீட் மிக நீளமாகவும் இருக்கும் பெரிய ஃபேக்டரிக் கூரைகளுக்கு அது சரியான வழி. திருப்பூரில் அந்த மாதிரிக் கூரைகளைத் தினமும் பார்ப்பவர் அப்படிச் சொல்வது இயல்புதான். உங்கள் குடோனில் ஒரு பக்கச் சரிவு 18 அடியைத் தாண்டாது. இதற்கு அந்தச் செலவு தேவையில்லை. தவிர, அந்த வேலை தெரிந்த ஆட்கள் உங்கள் பக்கம் சுலபமாகக் கிடைக்க மாட்டார்கள். பத்து வருடம் கழித்து ஒரு ஷீட்டை மாற்ற வேண்டும் என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்? ஸ்க்ரூ ஷீட்டை உங்கள் ஊர் வெல்டரே மாற்றிவிடுவார்.

ஆனால் உங்கள் வெல்டர் சொல்லும் இரண்டு யோசனையையும் நான் ஏற்கவில்லை. 0.35 வேண்டாம். இரண்டு கட்டடத்துக்கும் ஒரே ஷீட் என்பதும் வேண்டாம். விலையைவிட முக்கியமான காரணம் இருப்பதால் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன்.

கடையில் 'கலர் ஷீட்' என்று ஒரே பெயரில் விற்றாலும், பெயிண்டுக்கு அடியில் இருக்கும் பூச்சு இரண்டு வகை. ஒன்று ஜி.ஐ., அதாவது இரும்பின் மேல் துத்தநாகம் மட்டும் பூசியது. இன்னொன்று கால்வால்யூம். அதன் பூச்சில் 55 சதவீதம் அலுமினியம், 43 சதவீதத்துக்குச் சற்று மேல் துத்தநாகம், மிச்சம் சிலிக்கன். திறந்தவெளியில் மழை, வெயில், உப்புக்காற்று ஆகியவற்றை கால்வால்யூம் ஜி.ஐ.யைவிட நன்றாகத் தாங்கும். அதனால்தான் சந்தையில் இன்று அதுவே அதிகம் ஓடுகிறது. உங்கள் குடோனுக்கும் கடைக்கும் கண்ணை மூடிக்கொண்டு அதைப் போடலாம்.

மாட்டுக் கொட்டகை நிலைமை வேறு. மாட்டு மூத்திரத்தில் உள்ள யூரியா, சாணத்தோடு சேர்ந்ததும் அம்மோனியாவாக மாறுகிறது. கொட்டகையில் விடியற்காலை மூக்கில் ஏறும் அந்த நெடி அதுதான். அம்மோனியா காற்றைவிட லேசானது, நேராகக் கூரைக்குப் போகும். மார்கழி, தை இரவுகளில் ஷீட், சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோவதால் அதன் அடிப்பக்கம் முத்து முத்தாக வியர்க்கும். அந்த ஈரத்தில் அம்மோனியா கரைந்து காரமாகிறது. அலுமினியத்துக்குக் காரம் ஆகவே ஆகாது. இதனால்தான் கால்வால்யூம் ஷீட்டுக்கு வருடக் கணக்கில் வாரண்டி கொடுக்கும் கம்பெனிகள், கால்நடை அடைக்கும் கட்டடத்தைப் பொதுவாக அந்த வாரண்டியிலிருந்து விலக்கிவிடுகின்றன. வாரண்டித் தாளைக் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள், அந்த வரி பெரும்பாலும் இருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. கலர் ஷீட்டின் மேல்பக்கம் முழுப் பெயிண்ட், அடிப்பக்கம் மெல்லிய பூச்சு என்பதே வழக்கம். வீட்டுக் கூரைக்கு அது போதும். கொட்டகையிலோ தாக்குதலே அடியிலிருந்துதான் வருகிறது.

ஆகவே கொட்டகைக்குக் கனமான ஜி.ஐ. பூச்சின் மேல் இரண்டு பக்கமும் முழுப் பெயிண்ட் அடித்த ஷீட்டைக் கேளுங்கள். 'இசட் 275' என்று சொன்னால் டீலருக்குப் புரியும். இரண்டு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகம் என்று அர்த்தம். சாதாரணமாகக் கடையில் அடுக்கியிருக்கும் ஜி.ஐ. கலர் ஷீட்டில் இதில் பாதிகூட இருக்காது. இது ஸ்டாக்கில் இல்லை என்பார்கள். ஆர்டர் போட்டு வரவழைக்கச் சொல்லுங்கள், சில வாரம் காத்திருப்பதில் நஷ்டமில்லை. எங்குமே கிடைக்கவில்லை என்றால் அடிப்பக்கமும் முழுப் பெயிண்ட் உள்ள கால்வால்யூமைப் போடலாம், ஆனால் கொட்டகை நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும், கூரையின் உச்சி மடிப்பான ரிட்ஜில் காற்றுப் போக இடைவெளியும் இருக்க வேண்டும். காற்று ஓடினால் அம்மோனியா தங்காது. ஓர உயரம் 10 அடிக்குக் குறைய விடாதீர்கள், மேல் கலர் வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ இருக்கட்டும். கரும்பச்சையும் செங்கல் நிறமும் கண்ணுக்கு அழகுதான். அவற்றின் அடியில் சித்திரை மதியத்தில் கலப்பின மாடு நின்றால் இரைக்கும், பால் குறையும்.

கொப்பரைக்கு வருகிறேன். உங்கள் பக்கம் சிலர் கொப்பரை வெளுக்கக் கந்தகப் புகை போடுவது உண்டு. நீங்களும் போடுவதாக இருந்தால் இந்தக் குடோனுக்குள் வைத்துப் போடாதீர்கள். கந்தகப் புகை ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகி, துத்தநாகத்தை அரித்துத் தின்றுவிடும். தோப்புக்கு வாங்கும் யூரியா, பொட்டாஷ் மூட்டைகளையும் இதே கூரைக்கு அடியில் ஷீட் சுவரில் சாய்த்து அடுக்க வேண்டாம்.

அடுத்து கனம். 0.35, 0.45, 0.50 என்று டீலர் சொல்வது பெரும்பாலும் பெயிண்டும் பூச்சும் சேர்ந்த மொத்தக் கனம். 0.50 ஷீட்டில் இரண்டு பக்கப் பெயிண்டுக்குச் சுமார் 0.035 மி.மீ., உலோகப் பூச்சுக்குச் சுமார் 0.04 மி.மீ. போய்விட்டால் உள்ளே இருக்கும் இரும்பு 0.42 சொச்சம். 0.35 ஷீட்டிலும் கழிவு அதே அளவுதான் என்பதால், மிஞ்சும் இரும்பு 0.28கூட இல்லை. மொத்தக் கனம் 30 சதவீதம் குறையும்போது இரும்பு 35 சதவீதம் குறைகிறது. காற்றைத் தாங்குவதும் ஸ்க்ரூத் தலையைப் பிடித்து நிற்பதும் அந்த இரும்புதான்.

தென்னந்தோப்புக்குள் கட்டுகிறீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். நெற்று ஒன்று முப்பது நாற்பது அடி உயரத்திலிருந்து விழுந்தால், மேடு பள்ளமாக மடித்திருக்கும் 0.35 ஷீட்டின் மேடு நசுங்கி மடங்கிவிடும். மேடு மடங்கிய இடத்தில் ஷீட்டுக்கு வலுவே கிடையாது. இரண்டு கட்டடத்துக்கும் 0.50 போடுங்கள். ஹை டென்சைல் ஷீட்டா என்று கேளுங்கள். கூரைக்கு வரும் நல்ல ஷீட்டுகள் 550 மெகாபாஸ்கல் வலுவில் வருகின்றன. அதே கனத்தில் இளகிய இரும்பில் வரும் மலிவு ஷீட், ஆள் ஏறி நின்றாலே குழிந்துவிடும்.

கனத்தில் ஏமாறாமல் இருக்க ஒரு சுலபமான வழி உண்டு, தராசு. கொப்பரை வியாபாரத்தில் உங்களிடம் எப்படியும் தராசு இருக்கும். ஷீட் மடிக்கப்படும் முன் அதன் பட்டை அகலம் 1220 மி.மீ., மடித்த பிறகு அது ஏறக்குறைய மூன்றரை அடியை மூடும். அந்த அகலத்தில் 15 அடி நீளமுள்ள 0.50 ஷீட் ஒன்று 20 கிலோவை ஒட்டி இருக்கும். 0.35 என்றால் 13 கிலோவை ஒட்டி. ஐந்து ஷீட்டை ஒன்றாக ஏற்றி எடை போட்டால் நூறு கிலோ வருகிறதா என்று நின்று பாருங்கள். இறக்கிய லாரி கிளம்பும் முன் பார்க்க வேண்டும். ஷீட்டின் அடிப்பக்கத்தில் கம்பெனி பெயர், கனம், பூச்சு எல்லாம் வரிசையாக அச்சடித்திருக்கும். பில்லிலும் அதே விவரம் இருக்க வேண்டும்: மொத்தக் கனம், இரும்புக் கனம், கால்வால்யூம் என்றால் ஏ.இசட். 150 (சதுர மீட்டருக்கு 150 கிராம் பூச்சு), ஜி.ஐ. என்றால் இசட் 275. வெறும் 'கலர் ஷீட்' என்று பில் போட்டால் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள்.

இனி ஸ்க்ரூ. நீங்கள் கேட்டதிலேயே முக்கியமான விஷயம் இதுதான். ஷீட்டை ஆயிரம் முறை விசாரித்து வாங்குகிறவர்கள் ஸ்க்ரூவை வெல்டரிடம் விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் மாட்டுக் கொட்டகையை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்கு 18 ஷீட், இரண்டு பக்கத்துக்கும் 36. ஒவ்வொரு பக்கமும் ஐந்து வரிசை பர்லின். ஒரு ஷீட்டுக்கு ஒரு பர்லினில் சராசரியாக நாலு ஸ்க்ரூ என்றால் 720. ஷீட்டும் ஷீட்டும் சேரும் விளிம்பில் இரண்டு அடிக்கு ஒன்று வீதம் போடும் சின்ன ஸ்க்ரூக்கள் இருநூற்றுக்கு மேல். ரிட்ஜையும் சேர்த்தால் ஆயிரத்தை எட்டிவிடும். நல்லதாகப் பார்த்து வாங்கிய ஷீட்டில் நாமே ஆயிரம் ஓட்டை போடுகிறோம். ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்து நிற்பது ஸ்க்ரூத் தலைக்கு அடியில் இருக்கும் சின்ன ரப்பர் வாஷர் ஒன்றுதான். ஷீட் முப்பது வருடம் இருக்கும். மலிவு ரப்பர் சில கோடைகளிலேயே வெடித்துப் பொடிந்துவிடும். உங்கள் பழைய கூரை ஒழுகுவதற்கு ஒரு காரணம் இது.

இன்னொரு காரணம் அதன் நீளம். இரும்பு சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும். விடியற்காலைக்கும் மதியத்துக்கும் ஷீட்டின் சூட்டில் 40 டிகிரி வித்தியாசம் சாதாரணம். 30 அடி ஷீட் அந்த 40 டிகிரிக்கு 4 மி.மீ.க்கு மேல் நீளும். ஸ்க்ரூ நகராது, ஷீட் நகரும். தினமும் இப்படி இழுபட்டால் ஓட்டை முட்டை வடிவமாகிவிடும், வாஷரால் மூட முடியாது. புதுக் கட்டடத்தில் இரண்டு பக்கச் சரிவாகப் போட்டால் ஷீட் நீளம் பாதியாகிறது, இந்த அசைவும் பாதியாகிறது. ஒரே பக்கச் சரிவு வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

ஸ்க்ரூவைக் கேட்கும்போது வாஷர், வெயிலைத் தாங்கும் ஈ.பி.டி.எம். ரப்பரா என்று கேளுங்கள். நகத்தால் அழுத்திப் பார்த்தால் குழிந்து உடனே மேலே வர வேண்டும், மடக்கினால் வெடிக்கக் கூடாது. ஸ்க்ரூவின் துருத் தடுப்புப் பூச்சில் கிளாஸ் 3, கிளாஸ் 4 என்று தரம் உண்டு. கடற்காற்று எட்டும் உங்கள் ஊருக்கு கிளாஸ் 4. பெட்டியில் அச்சடித்திருக்கும், பெட்டியோடு வாங்குங்கள். மொத்தக் கூரைச் செலவில் நல்ல ஸ்க்ரூவுக்கும் மட்ட ஸ்க்ரூவுக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது.

மேட்டில் போடுவதா, பள்ளத்தில் போடுவதா என்று வெல்டர்களுக்குள்ளேயே வாக்குவாதம் உண்டு. அமெரிக்காவில் பண்ணைக் கட்டடக் கூரைகளில் பள்ளத்தில்தான் பெரும்பாலும் போடுகிறார்கள். பள்ளத்தில் ஷீட் நேரடியாகப் பர்லினில் படிந்திருப்பதால் ஸ்க்ரூ ஆடாது என்பது அவர்கள் நியாயம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் ஊரில் கொட்டும் மழைக்குப் பள்ளம் முழுக்கத் தண்ணீர் ஓடும். ஒவ்வொரு வாஷரும் அந்தத் தண்ணீருக்குள் மூழ்கி நிற்க வேண்டுமா? கூரையில் மேட்டில் போடச் சொல்லுங்கள், சுவர் ஷீட்டில் பள்ளத்தில் போடலாம். மேட்டில் போட நீளமான ஸ்க்ரூ வேண்டும், மேட்டின் உயரத்தைப் பொறுத்து 55 மி.மீ. அல்லது அதற்கு மேல். அவசரத்தில் அழுத்தினால் மேடு நசுங்கும். அங்கேதான் கை பழக வேண்டும்.

எவ்வளவு இறுக்குவது? ரப்பர் லேசாகப் பிதுங்கி, மேலே உள்ள இரும்பு வாஷரின் விளிம்போடு சமமாக வந்து நின்றால் சரி. வெளியே தள்ளிக்கொண்டு வந்தால் அதிகம், கையால் திருப்பினால் வாஷர் சுற்றுகிறது என்றால் போதாது. ஆழம் செட் செய்யும் வசதியுள்ள ஸ்க்ரூ கன் வைத்து வேலை செய்ய வேண்டும். தட்டித் தட்டி முறுக்கும் இம்பாக்ட் மெஷினை வைத்தால் ரப்பர் கிழிந்துவிடும். ஸ்க்ரூ சாய்ந்து இறங்கினாலும் வாஷரின் ஒரு பக்கம் திறந்துகொள்ளும். முதல் நாள் காலை, முதல் பத்து ஸ்க்ரூவை நீங்களே ஏணியில் ஏறிப் பாருங்கள். முடியாவிட்டால் ஃபோனில் கிட்டத்தில் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். முதல் பத்து சரியாக இருந்தால் மிச்சமும் பெரும்பாலும் அப்படியே வரும்.

கிரைண்டர் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். இது எனக்கு மனசு ஆறாத விஷயம். நம் ஊரில் எல்லா வெல்டரும் ஷீட்டைக் கிரைண்டரால் அறுக்கிறார்கள். அந்தச் சூட்டில் வெட்டிய விளிம்பில் பூச்சு எரிந்துவிடுகிறது. பறக்கும் தீப்பொறி ஒவ்வொன்றும் பக்கத்து ஷீட்டின் பெயிண்டில் ஒட்டிக்கொண்டு, முதல் மழையில் காவிப் புள்ளியாக மாறும். ஒரு வருடத்தில் புதுக் கூரை அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும். அளவு சொல்லி ஃபேக்டரியிலேயே நீளம் வெட்டி வாங்குங்கள். தளத்தில் வெட்ட வேண்டியிருந்தால் தகடு வெட்டும் கத்தரியோ, தகட்டைக் கொறித்து வெட்டும் நிப்ளரோ வைத்து, கீழே இறக்கி வெட்டட்டும். ஸ்க்ரூ துளையிடும்போது உதிரும் இரும்புத் தூளையும் தினமும் சாயங்காலம் மெத்தென்ற துடைப்பத்தால் கூட்டித் தள்ள வேண்டும். கூலி பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் கேட்க மாட்டார்கள்.

சரி, காற்று. கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறியது, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு டெல்டாவில் பார்த்த கூரைச் சேதங்களை மூன்றாகப் பிரிக்கலாம். சில இடத்தில் ஸ்க்ரூ பர்லினிலேயே நின்றது, ஷீட் ஸ்க்ரூத் தலையைச் சுற்றிக் கிழிந்து பறந்தது. அது மெல்லிய ஷீட்டின் குறை. சில இடத்தில் ஷீட்டோடு ஸ்க்ரூவும் பிடுங்கிக்கொண்டு போனது. அது மெல்லிய பர்லின் பைப்பின் குறை. சில இடத்தில் பர்லினோடு சேர்ந்து கூரையே எழுந்து போனது. அங்கே வெல்டிங் இரண்டு பொட்டு மட்டும் வைத்திருந்தார்கள், அல்லது தூணின் அடி போல்ட் சரியில்லை.

இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 875, மூன்றாம் பாகம், காற்றின் அடிப்படை வேகமாக மதுரை, கோவைக்கு விநாடிக்கு 39 மீட்டரும், சென்னை, புதுச்சேரிக்கு 50 மீட்டரும் கொடுத்திருக்கிறது. உங்கள் கட்டடத்துக்கு 50-ஐ வைத்தே கணக்குப் போடச் சொல்லுங்கள். காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 39 மீட்டருக்குச் சதுர மீட்டருக்கு 93 கிலோ என்றால் 50 மீட்டருக்கு 153 கிலோ. மதுரையில் நின்றுவிடும் கொட்டகை உங்கள் ஊரில் நிற்காது என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். தோராயமாக, 4 அடி பர்லின் இடைவெளியில் ஒரு ஸ்க்ரூவுக்கு 45 கிலோ இழுவை வரும், ஓரங்களிலும் மூலைகளிலும் இரண்டு மடங்கும் வரலாம். பக்கம் திறந்த மாட்டுக் கொட்டகையில் காற்று உள்ளே புகுந்து கீழிருந்தும் தூக்கும்.

ஆகவே பர்லின் 2 மி.மீ. கனத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். 1.2 மி.மீ. பைப்பில் ஸ்க்ரூவின் மரைக்குப் பிடிக்க இடமே இல்லை. இடைவெளி 4 அடி, ஓரத்திலும் ரிட்ஜ் பக்கத்திலும் 3 அடி. முதல் பர்லினிலும் கடைசிப் பர்லினிலும், இரண்டு முனையிலும் உள்ள கடைசி ஷீட்டிலும் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ போட வேண்டும். மேட்டில் உட்காரும் அகலமான சைக்ளோன் வாஷர் கிடைத்தால் அந்த ஓர வரிசைகளுக்கு மட்டுமாவது போடுங்கள். ட்ரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்), தூண், அஸ்திவார போல்ட் கணக்கை ஒரு ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். நான் ஷீட்டைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் அந்த வேலைக்கு மாற்றாகாது.

சரிவைப் பொறுத்தவரை, பத்தடிக்கு இரண்டடிக்குக் குறையாமல் ஏற்றம் கொடுத்தால் தண்ணீர் நிற்காது, மட்டையும் பாளையும் ஓரளவு சறுக்கிக்கொண்டு வந்துவிடும். இரண்டரை அடி கொடுத்தாலும் நல்லதுதான். ரிட்ஜிலிருந்து ஓரம் வரை ஒரே ஷீட்டாக வாங்குங்கள், நடுவில் இணைப்பு வேண்டாம். பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்பு வாடைக்காற்றுக்கு முதுகு காட்டியபடி அமைய வேண்டும். அதாவது வடகிழக்கிலிருந்து வரும் மழை அந்த விளிம்புக்குள் புகக் கூடாது. வேலையைத் தென்மேற்குக் கோடியிலிருந்து ஆரம்பித்தால் அது தானாக அமைந்துவிடும். குடோனில் அந்த விளிம்புக்குள் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) ஒட்டச் சொல்லுங்கள். ஒரு சொட்டு ஒழுகினாலும் கொப்பரை பூஞ்சை பிடிக்கும். கொட்டகைக்கு அது தேவையில்லை. சிலிக்கான் பூசுவதாக இருந்தால் வினிகர் நெடி அடிக்கும் வகை வேண்டாம், அதிலிருந்து வரும் அமிலம் பூச்சை அரிக்கும்.

கடைக்கு ஏ.சி. போடும் எண்ணம் இருந்தால் அதன் தண்ணீர்க் குழாயைக் கூரை மேல் விடாதீர்கள். செம்பைத் தொட்டு வரும் தண்ணீர் சொட்டும் இடத்தில் ஷீட் ஓட்டையாகும். கால்வால்யூம் கூரையிலிருந்து வழியும் தண்ணீரைப் பெயிண்ட் இல்லாத ஜி.ஐ. கட்டரில் (கூரை ஓரத்து மழைத்தண்ணீர் வாய்க்கால்) விழ விட்டால் கட்டர் சீக்கிரம் அரித்துவிடும். கட்டரும் கூரைப் பொருளிலேயே இருக்கட்டும், அல்லது பி.வி.சி. போடுங்கள். வெளிச்சத்துக்கு நடுவில் பாலிகார்பனேட் ஷீட் வைத்தால், அது இரும்பைப்போல ஐந்து மடங்கு நீளும் என்பதால் அதன் ஸ்க்ரூ ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து அகல வாஷர் போட வேண்டும். குடோன் ஓரங்களில் ஷீட் மேட்டுக்கு அடியில் தெரியும் சந்துகளை ஃபோம் ஃபில்லர் வைத்து அடைத்துவிடுங்கள், எலிக்கும் அணிலுக்கும் கொப்பரை வாசனை வெகுதூரம் எட்டும்.

ஷீட் வந்து இறங்கியதும் தரையில் படுக்கப் போடாமல் கட்டை வைத்து, ஒரு பக்கம் சரிவாக அடுக்குங்கள். இரண்டு ஷீட்டுக்கு நடுவில் மழைத்தண்ணீர் தங்கினால் சில வாரத்திலேயே ஜி.ஐ.யில் வெள்ளையும், கால்வால்யூமில் கருப்பும் பூக்கும். மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் காகிதத்தை ஏற்றிய அன்றே உரித்துவிட வேண்டும். வெயிலில் வெந்துவிட்டால் உரிக்கவே வராது.

வேலை முடிந்த பிறகு வருடா வருடம் புரட்டாசியில் ஒரு ஆளை ஏற்றி, பர்லின் வரிசையில் மட்டும் கால் வைத்து நடக்கச் சொல்லி ஸ்க்ரூக்களைப் பாருங்கள். மட்டை, பாளை, சருகு தங்கியிருந்தால் தள்ளிவிட வேண்டும், அதன் அடியில் ஈரம் காயாது. சுற்றும் ஸ்க்ரூவைத் திரும்ப இறுக்கிப் பயனில்லை. கழற்றிவிட்டு ஒரு சைஸ் பெரிய ஸ்க்ரூவாக, 12-ம் நம்பர் இருந்த இடத்தில் 14-ம் நம்பர் போட வேண்டும். பத்துப் பதினைந்து வருடத்தில் மொத்த ஸ்க்ரூவையும் ஒரு தடவை மாற்றும் செலவை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்தால் ஷீட்டின் முழு ஆயுளும் உங்களுக்குக் கிடைக்கும். ஸ்க்ரூ தெரியும் கூரையின் விலை குறைவாக இருப்பதற்கு நாம் பின்னால் கொடுக்கும் ஈடு இதுதான்.

பழைய ஷீட்டைப் புதுக் கூரைக்குக் கொண்டுவர வேண்டாம். பழைய ஓட்டைகள் புதுப் பர்லின் இடைவெளியோடு ஒத்துவராது. ஒரு ஓட்டையை அடைத்துவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று போடுவதாகத்தான் முடியும். துரு ஏறாத துண்டுகளை, ஓட்டை விழுந்த கோடிகளை வெட்டிவிட்டு, மட்டையும் விறகும் அடுக்கும் சாய்ப்புக்குப் போடலாம். ஆனால் காற்றுக்கு அதையும் இறுகக் கட்டியிருக்க வேண்டும். புயலில் பறக்கும் ஒற்றை ஷீட் மாட்டையும் மனிதரையும் வெட்டும். பயன்படாததை வெளியில் சாய்த்து வைக்காமல் ஐப்பசிக்கு முன் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.